ஆறு எழுத்துச் சுருளி

"நம்பர் போறாதோ?" என்று கேட்டார் என் மேலதிகாரி சாம்பசிவன் சார். "அவா தோட்டத்து செக்ரோல்லே, கூலிப் பதிவேட்டிலே, ஆளுக்கு ஒரு நம்பர் இருக்கே. அதையே ஃபைலுக்குப் பேரா வெச்சுட்டா ஒரு குழப்பமும் வராது, கேட்டியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது.

"சார், எங்கப்பாவ இன்னைக்கும் காலையில ஆளு எடுக்குற மஸ்டர்ல நம்பர் சொல்லித்தான் கூப்புடுறாங்க. எங்க தாத்தாவையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. மாட்டுக்குக்கூட பேரு வக்கிறாங்க சார். இந்த மெஷினுக்குள்ளயாவது எங்க ஆளுங்க பேரோட இருந்துட்டுப் போகட்டும்."

டெலிடைப்பில் அடித்துக்கொண்டிருந்த பாகீரதி கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சாம்பசிவன் சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைப்பதுபோல் பேண்டில் துடைத்தார். கல்பாத்தி அக்ரகாரத்தில் பிறந்தவர். கோபப்படுகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"சரி, பேரே இருக்கட்டும். உன் புரோகிராம். நீயே பாத்துக்கோ" என்றார்.

பார்த்துக்கொண்டேன்.

பாலக்காட்டுக்கு வெளியே ஒரு தொழிற்சாலை. அதில் ஒரே ஓர் அறைக்கு மட்டும் குளிர்சாதனம். அங்கே இருந்த கம்ப்யூட்டர் மெஷினுக்காகத்தான், எங்களுக்காக அல்ல. வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, அந்த லயத்திலேயே முதல் ஆளாக பி.எஸ்.ஸி. முடித்து, அந்தக் குளிர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தவள் நான். கொழுந்து பறிக்கிறவளின் மகள். இதைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவேன். கேட்டால் இன்னும் சத்தமாகச் சொல்லுவேன்.

எங்கள் மெஷினுக்கு வெளிவேலையும் வரும். அப்படி வந்ததுதான் எங்கள் தோட்டத்து ஆசுபத்திரி வேலை. டாக்டர் ஒவ்வொரு தொழிலாளியையும் சோதித்து ஒரு தாளில் எழுதுவார். எடை, ரத்தம், நெஞ்சு, கண், கடைசியில் குறிப்பு. அந்தத் தாள்கள் பாலக்காட்டுக்கு வரும். நாங்கள் துளையட்டையில் குத்தி மெஷினுக்குள் ஏற்றுவோம். ஆளுக்கு ஒரு ஃபைல். பிறகு பட்டியலைப் பார்த்துப் பெயரை அடித்தால் மெஷின் அந்த ஃபைலைத் தேடி எடுத்து ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். தோட்டத்தில் அந்தச் சீட்டை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். இதுதான் முழு வேலையும்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் மெஷினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இங்கிலீஷ் எழுத்தில் ஆறு எழுத்துக்கு மேல் ஏற்காது. அதற்கு நான் ஒரு வழி செய்தேன். அடிக்கிறவர் எவ்வளவு நீளமாக அடித்தாலும் முதல் ஆறு எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து அதையே ஃபைலின் பெயராக்கினேன். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் 'பழையதை மாற்றவா?' என்று மெஷின் கேட்கும். தப்பாகக் குத்திய அட்டையைத் திருத்தி மறுபடி ஏற்றும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து உயிரை எடுத்தது. 'மாற்று' என்று புரோகிராமே பதில் சொல்லும்படி செய்துவிட்டேன். சீட்டின் தலைப்பில் பெயர் முழுதாக வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஃபைலில் இருப்பதோ வெட்டின பெயர். அதனால் அடிக்கிறவர் என்ன அடித்தாரோ அதையே தலைப்பில் அச்சடிக்கச் சொன்னேன்.

ஆபீஸ் ஆட்களின் பெயரை அடித்துச் சோதித்தோம். சுந்தரேசன் 'சுந்தர்' ஆனார். சேஷம்மாள் 'சேஷம்' ஆனாள். வெங்கிடேஸ்வரன் 'வெங்கிட்' ஆனபோது பாகீரதி சிரித்தாள்.

"அவரை ஆத்துலயும் அப்படித்தான் கூப்பிடறா. மெஷினுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பட்டு என்று ஒருத்தி இருந்தாள். அவள் வெட்டுப்படாமலே தப்பினாள். எல்லாம் ஒன்றோடொன்று முட்டாமல் நின்றன. மலையிலிருந்து ஒரே ஒரு பெயரை மட்டும் அடித்துப் பார்த்தேன், என் பெயரை. குருவம்மாள் 'குருவ' என்று நின்றது. நன்றாகத்தான் இருந்தது.

சீட்டுகளைப் பெயர் பார்த்து அடித்துக் கொடுத்தவள் பாகீரதி. அவளுக்கு அவை வெறும் பெயர்கள். கட்டுக் கட்டாக வந்த சீட்டுகளை நான் இரண்டாகப் பிரித்தேன். தோட்டத்து நர்ஸ் சரஸ்வதியம்மாள் முன்பே கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார்: பொம்பளையாட்களின் சீட்டு அவர் கைக்கு மட்டும்தான் வர வேண்டும், உள்ளே அழைத்து ஒவ்வொருத்தியாகக் கொடுப்பார். ஆண்கள் சீட்டை வெளியே வைத்து யாரும் படிக்கலாம். நான் பெண்கள் கட்டைத் தனியாகத் துணிப்பையில் போட்டுத் தைத்தே எடுத்துப் போனேன். அவ்வளவு கவனம் எனக்கு.

கோயம்புத்தூர், திண்டுக்கல், தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறி சாம்பசிவன் சாரும் நானும் போய்ச் சேர்ந்தோம். மஸ்டர் நடக்கும் இடத்தில், டிஸ்பென்சரிக்கு முன்னால், சனங்கள் கூடியிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு பக்கம். தோட்டத்து மானேஜர் துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வாங்கிக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா முன் வரிசையில் நின்றார். அந்தச் சட்டையின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை. பெண்கள் வரிசையில் அம்மா மாரித்தாய் நின்றாள். அவளுக்கு அடுத்து சுருளியம்மாள் மதினி.

சுருளி மதினி எங்கள் லயத்தில் அடுத்த வீடு. அவள் புருஷன் மேல் நிழல் மரம் சாய்ந்து செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

கம்பவுண்டர் நல்லதம்பி சீட்டைப் படிக்க ஆரம்பித்தார். இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் சொல்லுவார். வாய் சும்மா இருக்காத ஆள்.

"சின்னமுத்து! எடை நாப்பத்தெட்டு. ரத்தம் கொறவு. இரும்பு மாத்திரை."

"காட்டுல அட்டைப்பூச்சி குடிச்சது போக மிச்சந்தானய்யா எனக்கு" என்றான் சின்னமுத்து.

"மொக்கையன்! பல்லு அம்புட்டும் காவி. வெத்தலைய நிறுத்தணும்."

"நிறுத்துறேன். மொதல்ல மழைய நிறுத்தச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாம்பசிவன் சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள், பார்த்தீர்களா சார் என்று நானும் கண்ணாலேயே கேட்டேன். அவ்வளவு திமிர்.

"சுருளிமுத்து! எடை நாப்பத்தொண்ணு."

சுருளிமுத்து தேயிலை மூட்டை தூக்குகிறவன். அவனைத் தராசில் ஏற்றினால் தராசுதான் கவலைப்படும். கம்பவுண்டர் சீட்டைத் தூர வைத்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

"அடேய் முத்து! ஒனக்கு அஞ்சு மாசமாம்டா! பாரம் தூக்கக் கூடாதாம். லேசான வேலை குடுக்கணுமாம்!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சுருளிமுத்து வயிற்றைத் தடவிக்கொண்டு நெளிந்து நின்றான்.

"அதான பாத்தேன், ஒரு மாசமா மாங்கா மாங்கான்னு கேக்குது!"

துரைகூடச் சிரித்தார். யாரோ ஒருத்தி அட்டையை மாற்றிக் குத்திவிட்டாள், ஒரே ஒரு சீட்டு, போகட்டும் என்று நினைத்தேன். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"சுருளிவேல்!"

அப்பா முன்னால் வந்தார். சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எடை நாப்பத்தொண்ணு..." கம்பவுண்டர் நிறுத்தினார். "யோவ் சுருளிவேலு, ஒமக்கும் அஞ்சு மாசமாம்யா!"

"மாமோய்! பொண்ணு படிச்சுட்டு வந்து ஒம்மளப் புள்ளத்தாச்சி ஆக்கிப்புட்டாளே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அப்பா சிரிக்க முயற்சி செய்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. என்ன செய்யட்டும் தாயி என்று கேட்பதுபோல் இருந்தது.

அப்போது மொக்கையன் சொன்னான். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. "சுருளின்னு பேரு வச்சவனுக்கெல்லாம் அஞ்சு மாசமா? அப்ப நம்மகிட்ட இன்னொரு சுருளி..."

அவன் வாய் அங்கேயே நின்றுவிட்டது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள். சுருளிமலைக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை ஆணோ பெண்ணோ, பெயரில் சுருளி வந்தே தீரும். லயத்துக்கு லயம் சுருளி இருக்கும். இது எனக்குத் தெரியாததா? என் அப்பா பெயரே அதுதானே. சுருளிமுத்து, சுருளிவேல், சுருளியம்மாள். இங்கிலீஷில் எழுதி ஆறோடு வெட்டினால் மூன்றும் ஒரே சுருளி. அட்டைகளை இங்கிலீஷ் அகரவரிசையில் ஏற்றியதில் கடைசியாக ஏறியது சுருளியம்மாள். 'பழையதை மாற்றவா' என்று மெஷின் கேட்டிருக்கும். நான் எழுதிக் கொடுத்த பதிலைச் சொல்லியிருக்கும். பாகீரதி அப்பாவின் பெயரை அடித்தபோது மேலே அப்பா பெயரும் கீழே மதினியின் உடம்பும் வந்திருக்கின்றன. பையில் போட்டுத் தைத்து எடுத்து வந்தது, தைக்காத கட்டிலிருந்து வெளியே வந்துவிட்டது.

இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது. கூட்டத்துக்கும் அதே நொடியில் அதற்கு வேண்டியது புரிந்துவிட்டது. சிரிப்பு முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் அணைந்துகொண்டே போனது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. அவ்வளவு பேரும் சுருளி மதினி நிற்கிற பக்கத்தைப் பார்க்காமல் நின்றார்கள்.

துரை இங்கிலீஷில் சாம்பசிவன் சாரைக் கேட்டார், உங்கள் மெஷின் ஆம்பளை பொம்பளை பார்க்காதா என்று.

சார் எழுந்தார். நல்ல மனுஷர். மெஷினின் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார்.

"மெஷின் தப்பாச் சொல்லாதாக்கும். ஆள்தான் மாறிப்போயிருக்கு. இது வேற யாரோ ஒரு சுருளியோட..."

"இல்ல!" என்று கத்தினேன்.

துரை என்னைப் பார்த்தார்.

"அது நெசமான ஆளு இல்ல. மெஷினு ஒழுங்கா ஓடுதான்னு பாக்க நான் இட்டுக்கட்டி ஏத்துன ஆளு. பொய்யா ஒரு பொம்பளை. அப்பா பேரு சுருளிங்குறதால அதையே வச்சேன். அழிக்க மறந்துட்டேன். என் தப்புத்தான்."

சாம்பசிவன் சார் என்னை ஏறிட்டுப் பார்த்தார். டாக்டரின் தாள்களை என்னோடு உட்கார்ந்து சரிபார்த்தவர் அவர். இட்டுக்கட்டிய ஆள் ஒன்றும் உள்ளே இல்லை என்று அவருக்குத் தெரியும். மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆமாம்" என்றார் துரையிடம். "டெஸ்ட் டேட்டாவாக்கும். நான்தான் கவனிச்சிருக்கணும்."

அந்த மனுஷன் வாயில் அதற்கு முன் பொய் வந்து நான் கேட்டதில்லை.

துரை எழுந்து போய்விட்டார். இனி இந்த வேலை எங்களுக்கு வராது என்பது அவர் நாற்காலியைத் தள்ளிய விதத்திலேயே தெரிந்தது. கம்பவுண்டர் மிச்சச் சீட்டைக் கொடுக்காமல் கட்டிவைத்தார். கூட்டம் கலைந்தது. போகிறபோது ஒரு கிழவி யாருக்கும் இல்லாமல் முணுமுணுத்துக்கொண்டு போனாள். "நாப்பத்தொண்ணு... அன்னைக்கு தராசுல சரஸ்வதியம்மா சத்தமா சொல்லுச்சே, நாப்பத்தொண்ணுன்னு. யாருக்குச் சொல்லுச்சு?"

எடை போட்டது மரத்தடியில், எல்லாரும் பார்க்க. அதை நான் யோசிக்கவில்லை. இட்டுக்கட்டிய பொம்பளைக்கு நிஜமான எடை இருந்தது. என் பொய்யை ஒருவரும் நம்பவில்லை. நம்பினதுபோல் நடந்துகொண்டார்கள், சுருளிவேலின் மகள் படித்தவள் என்பதற்காக.

மதினி வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. தகரப்பெட்டியில் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி."

"வா."

"அது பொய்யின்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டேன் மதினி."

"கேட்டேன்." மடித்த சேலையை உதறி மறுபடி மடித்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழம கூடலூருக்குக் கெளம்புறதா இருந்தேன். அக்காளுக்கு ஒடம்பு முடியலன்னு சொல்லிட்டு. ஆறு மாசம் லீவு எழுதிக் குடுத்துட்டு. சரஸ்வதியம்மா அம்புட்டும் பேசி வச்சிருந்துச்சு. பெறகு திரும்பி வந்து கூடையத் தூக்கிருப்பேன். யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"இப்பவும்..."

"இப்ப எங்குட்டு வர? நான் போனா, ஆமா அதுக்குத்தான் போறாங்கும் இந்த லயம். வந்தா, எங்கடி விட்டுட்டு வந்தன்னு கேக்கும்." பெட்டியை மூடினாள். "ஏண்டி குருவு, ஒன் மெஷினுக்கு எம்பேரு ஒண்ணுதான் கெடச்சுதா?"

என்ன சொல்ல? ஆறு எழுத்து என்றா? வெட்டினேன் என்றா? அவளுக்குப் புரியாது என்று சொல்லவில்லை. நன்றாகப் புரிந்திருக்கும். அதனால்தான் சொல்லவில்லை.

யார், எவன் என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை.

அன்று சாயந்திர பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். பெட்டியைத் தூக்கக் குனிந்தபோது நான் ஓடிப் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன்.

"விடு."

"பாரம் தூக்கக் கூடாது மதினி."

"அது ஊருக்கே தெரியும். நீதான சொன்ன." என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கோபமாக அல்ல, குழந்தையின் கையிலிருந்து எதையோ வாங்குவதுபோல. "ஒங்கையில நான் ஒண்ணும் குடுக்க மாட்டேன் புள்ள."

கொழுந்துச் செடிகளுக்கு நடுவே இறங்குகிற பாதையில் அவள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு லயத்துக் கதவிலும் ஆள் நின்றது. அம்மா மட்டும் தண்ணீர்ச் செம்போடு பாதி தூரம் போனாள். என் பக்கம் பார்க்காமல் திரும்பி வந்தாள். ராத்திரி எனக்குச் சோறு போட்டாள். தட்டை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

சாம்பசிவன் சார் தோட்டத்து கெஸ்ட் ரூமில் தங்கிவிட்டு மறுநாள் காலை பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தார். நம்பர் வைக்கலாம் என்று நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டிருப்பேன். பெரிய உதவியாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. "காப்பி சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அப்பா என் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்திருந்தார். பழைய காக்கிச் சட்டைதான். நான் வாங்கிக் கொடுத்ததைக் காணோம்.

"பொண்ணு மேல கோவமாப்பா?"

"எனக்கென்னத்தா கோவம்? என்னைப் பாத்துச் சிரிச்சானுங்க. நாலு நாள் சிரிப்பானுங்க, மறந்துருவானுங்க." பையைக் கீழே வைத்தார். "அந்தப் புள்ளதான்..."

மலையடிவாரத்தில் பஸ்ஸின் சத்தம் கேட்டது. வளைவுகளில் மறைந்து மறைந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"தாயி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கப்பா."

"அந்த மெஷின்ல என்னை நம்பர்ல போட்ரு தாயி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பர சொன்னா நான் மட்டுந்தான் எந்திரிச்சு வருவேன். எனக்கு என்ன சொன்னாலும் அது என்னோட போயிரும். இன்னொருத்தி தலையக் குனிய வேண்டியதில்ல."

எனக்குப் பதில் சொல்ல வந்தது. பேரு உங்களுதுப்பா, அதை எதுக்கு விடுறீங்க, வெட்டினது என் தப்பு, பேரோட தப்பு இல்ல, பேரை வச்சே சரியாச் செய்ய முடியும் என்று. எல்லாம் உண்மைதான். பஸ் வந்து நின்றது. சாம்பசிவன் சார் ஏறி எனக்கு இடம் போட்டார்.

படியில் கால் வைத்தபிறகுதான் கேட்டேன்.

"ஒங்க நம்பர் என்னப்பா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரிந்திருக்கும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எந்த நம்பரைச் சொல்லி அவரைக் கூப்பிடுவதற்காகப் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் அந்தக் குளிர் அறையிலும் நான் கத்திக் கத்திச் சண்டை போட்டேனோ, அது என்ன நம்பர் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை.

"நூத்தி எழுவத்தி மூணு" என்றார். பெயரைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

மதினியின் நம்பர் என்ன என்று கேட்க வாய் வரவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.